குறுக்கு நோவின் சரித்திரம்

எங்கள் வீதியைக் கூட்ட வருகிற அம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கோவைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஊர்ப் பெயர் இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை. காலை ஆறு மணிக்கு முதலில் பால்காரரின் மணி, பிறகு சீமாற்றின் சத்தம், அதற்குப் பிறகுதான் காக்கை. பத்து வருஷமாக இந்த வரிசையில் கண் விழித்து, காப்பி குடித்து, எழுத உட்கார்கிறவன் நான். என் பழைய கதை ஒன்றில் இந்த அம்மாள் வருகிறார். 'இளவெயிலில் வில்லாக வளைந்த முதுகு' என்று எழுதியிருந்தேன். நல்ல வரி என்று இரண்டொரு வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் இருந்தது.

சென்ற வருஷம் எனக்கே இடுப்புப் பிடித்துக்கொண்டது. நாற்காலியில் உட்கார்ந்து நாவல் எழுதியதைத் தவிர வேறு பாபம் எதுவும் நான் செய்யவில்லை. வைத்தியர் ஒரு பெல்ட்டும் சில மாத்திரைகளும் கொடுத்து, மூன்று வாரம் குனியவே கூடாது என்று உத்தரவு போட்டார். வாசல் திண்ணையில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு கிடந்தேன்.

"ஏனுங் சார், ஒடம்புக்கு என்னுங்க?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"குறுக்கு வலிங்கக்கா. குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"குனியாம இருந்தாப் போயிருமுங்களா?"

கேலியாகக் கேட்கவில்லை. மெய்யாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பிறகு தன்னுடையதைச் சொன்னார்: "எனக்கு இருவது வருசமா இருக்குதுங்க. குனிஞ்சே இருந்தா ஒண்ணும் தெரியறதில்லீங்க. நிமுந்தாத்தான் நோவு. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துரும். மறுக்காக் குனிஞ்சாச் சரியாப் போயிருமுங்க."

வில்லாக வளைந்த முதுகுக்கு உள்ளே இப்படி ஒரு கணக்கு நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. மீதி நாட்களில் படுத்தபடி புத்தகங்களைப் புரட்டினேன். ஊரைச் சுத்தம் செய்த சரித்திரத்தில் இந்த நோவு எங்கேயாவது எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க ஆசை.

கோவையின் நகர சரித்திரம் 1866-இல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வருஷம் சென்னை மாகாணத்தில் நகர அபிவிருத்திச் சட்டம் வந்தது; அதன்படி கோவைக்கு முனிசிபாலிடி வந்தது. முதல் தலைவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். பிற்பாடு 1888-இல் கோவையின் முதல் பஞ்சாலைக்கு வழி செய்தவரும் அவரே. ஆலை வந்த கதை நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் ஒரு முனிசிபாலிடி முதன்முதலில் செய்த காரியம் வீதியைக் கூட்டுவதும், விளக்குப் போடுவதும், எடுப்புக் கக்கூஸை அள்ளுவதும்தான். அதற்கு ஆள் வேண்டும். தகரமும் மூங்கில் கூடையும் சும்மாடும் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் வந்தது. 1901-இல் கோவையின் ஜனத்தொகை 53,080. 1911-இல் அது 47,007. நாளுக்கு நாள் வளர வேண்டிய ஊர் பத்து வருஷத்தில் ஆறாயிரம் பேர் குறைந்து நின்றது. செத்தவர்கள் போக, மிச்சப் பேர் வீட்டைப் பூட்டிவிட்டுத் தோட்டங்காட்டுப் பக்கம் குடிசை போட்டுக்கொண்டார்கள். பிளேக் மாரியம்மன் என்று ஒரு தெய்வத்துக்கே கோவில் கட்டினார்கள். இன்றும் கோவையில் அந்தக் கோவில்கள் இருக்கின்றன. ஊர் நெருக்கத்தைக் குறைக்கப் புதுப் பேட்டைகள் எழுந்தன. ரத்தினசபாபதி முதலியார் பெயரில் ஆர்.எஸ். புரம் உண்டாயிற்று. அவர் காலத்தின் முயற்சியால் சிறுவாணித் தண்ணீரும் வந்தது. கோவைக்காரர்களுக்கு இந்தத் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. நானும் அந்த ஜாதிதான். ஆகவே இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

பிளேக் எலியால் வருகிறது, எலி குப்பையில் வளர்கிறது என்று தெரிந்த பிறகு குப்பை அள்ளுவது உயிர் காக்கிற வேலையாகிவிட்டது. ஊரை விட்டு ஓடியவர்கள் ஓடிய பிறகும் ஊரில் இருந்து அள்ள வேண்டியவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கு ஓடுகிற உரிமை இருந்ததா என்பதே சந்தேகம். பிரிட்டிஷ் இந்தியாவில் சில மாகாணங்களின் நகரசபைச் சட்டங்கள், துப்புரவுத் தொழிலாளி முன்னறிவிப்பு இல்லாமல் வேலையை விட்டு நின்றால் அதைக் குற்றமாகவே வைத்திருந்தன. குமாஸ்தா வேலையை விட்டால் அது ராஜினாமா. இவர் விட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட்.

கொங்கு நாட்டில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் வந்தவர்கள் அருந்ததியர்கள். தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் இருந்தும் வீட்டுக்குள் பலர் தெலுங்கு பேசுகிறவர்கள். அவர்களைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு: அவர்கள் ஆதியிலிருந்தே இந்தத் தொழில்தான் என்று. அது சரியில்லை. கிணற்றிலிருந்து கவலை இறைத்து விவசாயம் செய்த நாடு இது. கவலைச் சாலுக்குத் தோல் பதனிட்டுத் தைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். கிணறு எத்தனையோ, தோல் வேலை அத்தனை. 1930-களில் பைகாரா மின்சாரம் வந்தது. வர வரத் தோட்டங்களில் மின்சார மோட்டார் உட்கார்ந்தது. தோட்டக்காரர் மாட்டைக்கூட வேறு வேலைக்குத் திருப்பிக்கொண்டார். தோல் தைத்தவருக்கு வேலை போயிற்று. ஆலையும் வீதியும் பெருகிக்கொண்டிருந்த பட்டணம் பக்கத்திலேயே இருந்தது. ஆலைக்குள் அவருக்கு இடம் கிடைப்பது கஷ்டம். வீதியில் தாராளமாகக் கிடைத்தது. பட்டணத்துக்கு வந்த எல்லோரும் இப்படியே வந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் வயலுக்குத் தண்ணீர் இறைக்க உதவிய கைகள் நம் கழிவை அள்ளப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். ஊர் அதை மறந்துவிட்டு, பிறவிக் குணம் என்று பெயர் வைத்தது. பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டால் முதுகு வலிக்குமா என்று கேட்க வேண்டியதில்லை, பாருங்கள்.

கேட்டவர் ஒருவர் உண்டு. ஆனால் வெகு தூரத்தில். இத்தாலியில் மோடெனா என்ற ஊரில் பெர்னார்டினோ ராமாசினி என்று ஒரு வைத்தியர். ஒரு நாள் அவர் வீட்டுக் கழிவுக் குழியைச் சுத்தம் செய்ய ஆள் வந்திருந்தான். தலை தெறிக்கிற அவசரத்தில் வேலை செய்தான். ஏனப்பா இவ்வளவு அவசரம் என்று கேட்டார் ராமாசினி. இந்தக் குழிக்குள் நாலு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கண் போய்விடும் என்றான் அவன். அவர் அவனுடைய கண்ணைப் பார்த்தார். சிவந்து, மங்கிப் போயிருந்தது. பிறகு ஊரில் அதே தொழில் செய்து பார்வை இழந்து பிச்சையெடுத்த பலரைக் கண்டார். தொழிலால் வருகிற நோய்களைப் பற்றி 1700-இல் அவர் வெளியிட்ட புத்தகத்துக்கு அந்தக் குழிதான் வித்து. நோயாளியிடம் வைத்தியர்கள் கேட்கிற கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார் அவர்: நீ என்ன தொழில் செய்கிறாய்? மோசமான காற்றும் தூசியும் ஒரு காரணம், உடம்புக்கு ஒவ்வாத நிலையில் நெடுநேரம் இருப்பதும் தாறுமாறாக அசைவதும் இன்னொரு காரணம் என்றும் எழுதினார்.

எனக்கு பெல்ட் கொடுத்த வைத்தியர் என் தொழிலைக் கேட்டார். எழுத்தாளன் என்றதும் அனுதாபத்தோடு தலையசைத்தார்.

நம் நாட்டில் சட்டம் தொழிலாளியின் உடம்பைப் பார்க்க ஆரம்பித்தது 1923-இல், தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் மூலம். கை போனால், கால் போனால் இவ்வளவு என்று கணக்குப் போட்டது. தொழிலால் வரும் நோய்கள் என்று ஒரு சிறிய பட்டியலும் வைத்தது: ஈய விஷம், பாஸ்பரஸ் விஷம், ஆந்த்ராக்ஸ். பட்டியல் பிற்பாடு நீண்டது. 1948-இல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. அதன் 34-ஆம் பிரிவு, உடம்புக்குக் கேடு வரும் அளவுக்குப் பாரம் தூக்கச் சொல்லி எவரையும் வேலை வாங்கக் கூடாது என்றது. அருமையான பிரிவு. ஆனால் ஆலைக் கேட்டுக்கு உள்ளே இருப்பவருக்கு மட்டும். வீதிக்குக் கேட் கிடையாது. 1955-இல் ஈ.எஸ்.ஐ. திட்டம் கோவைக்கு வந்தது. ஆலைத் தொழிலாளி காய்ச்சல் என்றால் சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பாதிச் சம்பளத்தோடு படுத்துக்கொள்ளலாம் என்ற நிலைமை உண்டாயிற்று. அதற்குப் பின்னால் எத்தனை வேலைநிறுத்தம், எத்தனை உயிர் என்பது சிங்காநல்லூரிலும் பீளமேட்டிலும் இருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். பஞ்சுத் தூசியால் நெஞ்சு அடைக்கிற நோயும் பட்டியலில் ஏறிற்று. ஆலைக்காரரின் நெஞ்சு பட்டியலில் இருக்கிறது. ஆலை வாசலைக் கூட்டுகிறவரின் இடுப்பு ஏறவே இல்லை. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2010-இல் திருத்திய தன் பட்டியலில் எலும்பு, தசை, மூட்டு நோய்களுக்கென்று தனிப் பகுதியே கொடுத்திருக்கிறது. நம் பட்டியல் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இதற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. விபத்துக்குத் தேதி உண்டு. விஷத்துக்கு ரத்தத்தில் அடையாளம் உண்டு. குறுக்கு நோவுக்குத் தேதியும் இல்லை, சாட்சியும் இல்லை. இருபது வருஷத்தில் எந்தக் காலையில் அது வந்தது என்று கேட்டால் அந்த அம்மாளால் சொல்ல முடியாது. மஸ்டர் புத்தகத்தில் அவருடைய ஆஜர் உண்டு, ஆப்சென்ட் உண்டு. மூன்றாவதாக ஒரு பத்தி இல்லை.

ஒரு தடவை அரசாங்கம் இவர்களுடைய உடம்பை நேரே பார்த்தது. 1957-இல் மத்திய அரசாங்கம் மல்கானி என்பவர் தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. தோட்டி வேலையின் நிலைமையை அது ஆராய்ந்து 1960-இல் அறிக்கை கொடுத்தது. தலையில் மலக்கூடை சுமப்பதை ஒழிக்க வேண்டும், அதற்குத் தள்ளுவண்டி கொடுக்க வேண்டும் என்பது அதன் முக்கியமான யோசனைகளில் ஒன்று. தள்ளுவண்டிக்கு மானியங்களும் வந்தன. பாரம் தலையிலிருந்து இறங்கிற்று என்று சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் வண்டிக்குள் அது தானாகப் போய் உட்காருமா? குனிந்து அள்ளி, திரும்பி, மேலே தூக்கிக் கொட்ட வேண்டும். தள்ளும்போது தோள்பட்டை. கழுத்தில் இருந்த பாரம் இடுப்புக்கும் தோளுக்கும் மாறிற்று.

அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு சீர்திருத்தத்திலும் இந்தக் கதையே நடந்திருக்கிறது. தெரு முனையில் சிமென்ட் தொட்டி கட்டினார்கள். ஊர் அதில் கொட்டியது. ஒருவர் உள்ளே இறங்கி மண்வெட்டியால் வாரி லாரிக்கு மேல் எறிந்தார். லாரியின் பக்கப் பலகை அவர் தலைக்கு மேலே. பிறகு சக்கரம் வைத்த இரும்புத் தொட்டியும் அதைத் தானே தூக்கிக் கவிழ்க்கும் காம்பாக்டர் லாரியும் வந்தன. லாரிக்குக் கை இருக்கிறது, சரி. நிறைந்த தொட்டியை மேடு பள்ளத்தில் லாரி வரை இழுக்கிற கை யாருடையது? 2016-இன் திடக்கழிவு விதிகளுக்குப் பிறகு வீடு வீடாக வாங்கி, மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிக்கச் சொன்னார்கள். உத்தமமான யோசனை. ஆனால் நாம் பிரித்துக் கொடுப்பதில்லை. ஆகவே பேட்டரி வண்டியின் பக்கத்தில் நின்று கையால் பிரிக்கிறார்கள். பாரம் இப்போது மணிக்கட்டுக்கும் விரலுக்கும் வந்துவிட்டது.

குப்பைத் தொட்டி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பாரிஸ் நகரத்தில் பூபெல் என்று ஒரு கலெக்டர் மாதிரி உத்தியோகஸ்தர். 1883-இல் ஒவ்வொரு வீட்டுக்காரனும் மூடி போட்ட பெட்டியில்தான் குப்பையை வாசலில் வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். பெட்டியின் அளவு 40 முதல் 120 லிட்டர். வீட்டுக்காரர்கள் ஆத்திரத்தில் அந்தப் பெட்டிக்கே அவர் பெயரை வைத்தார்கள். இன்றும் பிரெஞ்சுக்காரர்களுக்குக் குப்பைத் தொட்டி என்றால் 'பூபெல்'தான். 120 லிட்டர் ஈரக் குப்பையை வண்டிக்குத் தூக்கியவன் பெயரை எந்தச் சாமானுக்கும் வைக்கவில்லை.

தூக்குவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1960-களில் ஸ்வீடன் தேசத்தில் ஆல்ஃப் நாக்கெம்ஸன் என்ற எலும்பு வைத்தியர் ஒரு விசித்திரமான காரியம் செய்தார். இடுப்புத் தண்டுவடத்தில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு வட்டு இருக்கிறதல்லவா? உயிரோடிருக்கிற மனிதர்களின் அந்த வட்டுக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி, உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று அளந்தார். நேராக நிற்கும்போது 100 என்று வைத்துக்கொண்டால், மல்லாந்து படுத்திருக்கும்போது 25. முன்பக்கம் குனிந்தால் 150. கையில் பாரத்தோடு குனிந்தால் 220. உட்கார்ந்திருந்தாலும் 140 என்பது எழுத்தாளர்களுக்கான செய்தி. அமெரிக்காவில் தொழில் பாதுகாப்பு நிபுணர்கள் 1990-களில் ஒரு சூத்திரம் கொடுத்தார்கள்: எல்லாம் அனுகூலமாக இருந்தால், அதாவது பாரம் உடம்பை ஒட்டி, இடுப்புயரத்தில், நல்ல பிடியோடு, திரும்பாமல், எப்போதாவது ஒரு தடவை தூக்கினால், 23 கிலோ வரை தூக்கலாம். இந்த அனுகூலங்கள் ஒவ்வொன்றாகக் குறையக் குறையக் கிலோவும் குறைந்துகொண்டே வரும். எங்கள் வீதி அம்மாளின் ஒரு காலைப் பொழுதை இந்தச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். அனுகூலம் ஒன்றுகூடத் தேறவில்லை.

இவ்வளவும் எலும்பின் கணக்கு. அவரிடம் இதையெல்லாம் என் பாஷையில் சொன்னபோது பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாஞ் செரீங்க. நோவு ஒரு பங்குங்க. நாளைக்கு மஸ்டர்ல பேரு இருக்குமாங்கறது ரெண்டு பங்குங்க" என்றார். நான் படித்த வரையில் அவர் சொன்னது சாஸ்திரத்துக்கு ஒத்ததே. ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க அறிஞர் 1979-இல் எழுதினார்: வேலையின் பளு அதிகம், அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கிற அதிகாரம் குறைவு, இந்த இரண்டும் சேர்கிற இடத்தில்தான் மனிதன் மிகவும் நைந்து போகிறான் என்று. பயந்துகொண்டு வேலை செய்கிற உடம்பில் தசைகள் இளகுவதே இல்லை. கழுத்தும் தோளும் இறுகியே கிடக்கும். ஒப்பந்தக் கூலி, லீவு போட்டால் சம்பளம் கிடையாது, மேஸ்திரியின் சத்தம், வாசலில் தண்ணீர் கேட்டால் வெளியே வைத்திருக்கிற தனித் தம்ளர். இவை எந்த ஊசியிலும் அளக்க முடியாதவை. சேர்ந்து ஒரே முதுகில்தான் இறங்குகின்றன.

அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்துக் கதையும் இதுதான். அங்கே குப்பை அள்ளியவர்கள் நீக்ரோக்கள் என்று அப்போது அழைக்கப்பட்ட கறுப்பு மக்கள். ஓட்டைத் தொட்டிகளைத் தலையிலும் தோளிலும் சுமந்து போவார்கள். அழுகல் நீர் முதுகில் வழியும். 1968 பிப்ரவரி 1-ஆம் தேதி மழைக்கு லாரியின் பின்புறம் ஒதுங்கிய இரண்டு பேரை லாரி யந்திரமே நசுக்கிக் கொன்றது. சுமார் 1,300 பேர் வேலையை நிறுத்தினார்கள். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். 'நான் ஒரு மனிதன்' என்பதுதான் அட்டையில் இருந்த வாசகம். அவர்களுக்காகப் பேச வந்த இடத்தில்தான் ஏப்ரல் 4-ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். கிங் செத்ததை உலகம் அறியும். அவர் எதற்காக அந்த ஊருக்கு வந்திருந்தார் என்று என் சிநேகிதர்கள் நாலு பேரைக் கேட்டேன். ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

நம் பக்கம் வருவோம். 2019 நவம்பரில் கோவை மாநகராட்சி 549 துப்புரவுப் பணியிடங்களுக்கு விண்ணப்பம் கேட்டது. சுமார் 7,000 பேர் மனுப் போட்டார்கள். அவர்களில் எஞ்சினீயர்களும் பட்டதாரிகளும் நிறையப் பேர். பத்திரிகைகள் அதை வேலையில்லாத் திண்டாட்டத்தின் அதிசயமாக எழுதின. நானும் அப்படியே படித்தேன். எங்கள் வீதி அம்மாள் வேறு மாதிரி பார்த்தார். "நாங்க இத்தன வருசம் கூலிக்குக் கூட்டுனோமுங்க. பர்மனென்ட்டுன்னு வந்தா எல்லாருக்கும் குறுக்கு வளையுதுங்க பாருங்க" என்றார். நிரந்தரச் சம்பளம் அன்று மாதம் 15,700 ரூபாயில் ஆரம்பம். ஒப்பந்தக்காரருக்கு அதில் பாதி கிடைத்தாலே பெரிது என்று அவர் சொன்னார். 2020-இல் அரசாங்கம் துப்புரவுப் பணியாளர் என்ற பெயரை மாற்றித் தூய்மைப் பணியாளர் என்றது. 2022 அக்டோபரில் கோவையில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் கூலிக்காக வேலையை நிறுத்தினார்கள். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் பதிமூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் போலீஸார் அப்புறப்படுத்தினார்கள். தினசரியில் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு முதலில் தோன்றியது வெட்கமான ஒரு எண்ணம்: இத்தனை பேர் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து ஓய்வெடுத்து நான் பார்த்ததே இல்லை என்பது.

என் இடுப்பு குணமாயிற்று. படித்ததற்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று ஒரு வேகம். நீளக் கழி கட்டிய சீமாறு அவர்களிடம் இருக்கிறது. நடுத்தெருவுக்கு அது போதும். சாக்கடை ஓரத்துக்குக் கட்டைச் சீமாறுதான். கூட்டியதை அள்ள இரண்டு தகரத் துண்டுகள். அந்த அள்ளலில்தான் குறுக்கு போகிறது என்று கண்டுபிடித்தேன். தெருக்கோடி வெல்டிங் பட்டறையில் ஒரு தகர முறத்துக்கு நீளமாக இரும்புப் பிடி வைத்துப் பற்றவைத்து, அவருக்குக் கொடுத்தேன். கோவைக்காரனுக்கு யந்திர ஞானம் ரத்தத்தில் உண்டு என்று ஒரு நினைப்பு.

நாலு நாள் வைத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் திண்ணையில் சாய்த்துவிட்டு, என் மனம் நோகக் கூடாதென்று முதலில் என் மனைவியிடம்தான் சொன்னார்: "நல்லாத்தானுங்க அம்மிணி இருக்குது. ஆனா இதத் தூக்கறதே ஒரு வேலையாப் போச்சுங்க."

பட்டறைக்காரரிடம் திருப்பி எடுத்துக்கொண்டு போனேன். இரும்பை அறுத்துவிட்டு மூங்கில் வைக்கலாம் என்றார். எவ்வளவு நீளம் வேண்டும், அந்த அம்மாள் என்ன உயரம் என்று கேட்டார்.

பத்து வருஷமாகப் பார்க்கிறேன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாளைக் காலை ஆறு மணிக்கு ஒரு டேப்போடு வாசலில் நிற்க வேண்டும்.